உழவு இயந்திரத்துக்குக் கலனிலிருந்து எரிபொருள் ஊற்றும் முறை

அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவுகளை யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் இணைக்கும் தரைவழி இல்லை. ஆகையால் இத்தீவுகளின் வயல்களில் உழவு இயந்திரம் எரிக்கின்ற டீசல் முழுவதும் கடலைக் கடந்தே வருகின்றது. அனலைதீவுக் கமக்காரர் ஒருவர் ஊர்காவற்றுறையிற் படகேற்றும் எண்ணெய், கான் என வழங்கும் கலன்களில் இறங்குதுறைக்கு வந்து, துவிச்சக்கரவண்டியிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ வீடு சேர்ந்து, ஈற்றில் வயல் வரம்பில் வைத்துக் கையால் தூக்கி ஊற்றப்படுகின்றது. பட்டணத்தில் நிரப்பு நிலையத்தின் குழாய் செய்கின்ற வேலையை இங்கே கமக்காரரின் கையே செய்தல் வேண்டும்.

இவ்வேலை எளியதாகத் தோன்றினும் இதில் மூன்று தீங்குகள் உள. எண்ணெயுடன் நீர் கலந்தால் இயந்திரம் கெடும். எண்ணெயின் ஆவிக்கு நெருப்புக் கிட்டினால் ஆளுக்கும் பொருளுக்கும் சேதம் நேரும். சிந்திய எண்ணெய் நிலத்தில் இறங்கினால் கிணறு கெடும். இம்மூன்றனுள் இயந்திரத்தைப் பணங் கொடுத்துத் திருத்தலாம். தீவில் நன்னீர்க் கிணறு கெட்டால் அதனைத் திருத்துதல் மிக அரிது. இதனை மனத்திற் கொண்டு பின்வரும் முறைகளைக் கமக்காரர்கள் கைக்கொள்ளல் வேண்டும்.

எரிபொருள்களின் இயல்பு

பெற்றோல் எந்நேரமும் ஆவியாகிக் கொண்டிருக்கும். குளிர்ந்த விடியற்காலையிலும் அதன் ஆவி தீப்பற்றக் கூடியது. அவ்வாவி காற்றிலும் பாரமானது. ஆதலால் மேலெழுந்து கலைந்து போகாமல் நிலத்தையொட்டிப் பரவிப் பள்ளங்களிலும் கொட்டில் மூலைகளிலும் தங்கும். சில அடி தூரத்திலுள்ள அடுப்போ சுருட்டோ அதனைப் பற்றவைக்கப் போதும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வெப்பம் அடைந்தாற்றான் பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். டீசலுக்கு 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இதனால் டீசல் தீங்கற்றது எனச் சிலர் எண்ணுவர். உழுதுகொண்டிருந்த இயந்திரத்தின் புகைக்குழாய் இவ்வளவினும் பன்மடங்கு சூடாக இருக்கும். அதன்மேற் சிந்திய டீசல் நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக் கொள்ளலாம்.

கலனைத் தெரிதல்

எரிபொருளுக்கெனச் செய்யப்பட்ட, இறுகிய மூடியுள்ள உலோகக் கலனையோ தடித்த பிளாஸ்ரிக் கலனையோ பயன்படுத்துக. குடிநீர்ப் போத்தல், சமையலெண்ணெய்க் கலன், பூச்சிமருந்துக் கலன் ஆகியவை இதற்கு உதவா. 2022-ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் கைக்கெட்டிய பாத்திரங்களிலெல்லாம் எண்ணெயைச் சேமித்து வைத்தனர். அப்பழக்கம் தொடருதல் நன்றன்று. குடிநீர்ப் போத்தலிலுள்ள மண்ணெண்ணெயை நீரெனக் கருதிக் குழந்தைகள் குடிப்பதுண்டு.

நாகம் பூசிய வாளியிலோ தகரத்திலோ டீசலைச் சேமித்து வைத்தலாகாது. டீசல் நாகத்துடன் சேர்ந்து பிசின் போன்ற பொருளை உண்டாக்கும்; அது வடிகட்டியையும் எண்ணெய் சீறும் நொசிலையும் அடைக்கும். டீசல், மண்ணெண்ணெய், பெற்றோல் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கலன் வைத்துப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுக. டீசல் இயந்திரத்தில் மாறிப் பெற்றோலை ஊற்றினால் அதன் உட்செலுத்தும் பம்பி தேய்ந்து பழுதாகும்.

கலனைக் கழுத்துவரை நிரப்புதல் கூடாது. வெப்பம் 20 பாகை ஏறினால் 20 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் பெருகும். நண்பகல் வெயிலில் நிற்கும் படகில் இவ்வளவு வெப்பம் ஏறுதல் அரிதன்று. எனவே 20 லீற்றர்க் கலனில் 19 லீற்றர் ஊற்றி எஞ்சிய இடத்தை வெறுமையாக விடுதல் முறை.

நிரப்பும்போது கலனை நிலத்தில் வைத்தே நிரப்புக. மோட்டார்ச் சைக்கிளின்மேலோ வண்டித் தட்டிலோ வைத்தபடி நிரப்பினால், ஓடும் எண்ணெயினால் உண்டாகும் மின்னேற்றம் நிலத்துக்குச் செல்ல வழியின்றித் தங்கிப் பொறியாகப் பாயலாம். பெற்றோலுக்கு அச்சிறு பொறியே போதும்.

படகிற் கொண்டுவருதல்

கலனை நிமிர்த்தி வைத்து, உருளாதபடி கயிற்றாற் கட்டுக. படகின் இயந்திரத்துக்கு அருகிலும், புகைபிடிப்போர் இருக்கும் இடத்திலும் வைத்தலாகாது. ஆட்கள் செல்லும் படகிற் பெற்றோலை ஏற்றாது, பொருள் ஏற்றும் படகில் தனியே அனுப்புதல் நன்று.

சோளகக் காற்று வீசும் காலத்திலும் வாடைக் காற்று வீசும் காலத்திலும் கடல்நீர் படகினுள்ளே தெறிக்கும். மூடியைச் சுற்றித் தேங்கிய உப்புநீர், மூடியைத் திறந்தவுடன் கலனுக்குள் இறங்கும். ஆகையாற் பயணத்தின்போது மூடியின்மேற் பொலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டுக. வீடு சேர்ந்தபின், திறப்பதற்கு முன்னரே மூடியையும் கழுத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுக.

எண்ணெயில் நீர் உண்டா எனச் சோதித்தல்

டீசல் இயந்திரத்தில் உட்செலுத்தும் பம்பியும் நொசிலும் மிக நுண்ணிய இடைவெளியுடன் கடைந்து செய்யப்பட்டவை. அவை ஓடுவதற்கு வேண்டிய வழுவழுப்பை டீசலே கொடுக்கின்றது. அதனுடன் நீர் சென்றால் வழுவழுப்புக் குறைந்து அவை தேயும். உப்புநீராயின் ஓரிரவில் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆவணி, புரட்டாதியில் உழவு நெருக்கமாக இருக்கும்போது பம்பி பழுதாகி, அதனைக் கழற்றிக் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப நேர்ந்தால், திருத்தச் செலவினும் ஈரம் தப்பிய விதைப்பினால் வரும் நட்டமே பெரிதாகும். மழையை நம்பி ஒரு போகமே விதைக்கும் தீவுகளில் இது சிறு நட்டமன்று.

நீர் டீசலினும் பாரமானது. எனவே கலனை ஓரிரவு அசையாது வைத்தால் நீரும் தூசும் அடியிற் படியும். மறுநாட் காலையிற் கலனைக் குலுக்காது மெதுவாகச் சரித்து ஊற்றுக. அடியில் எஞ்சும் அரை லீற்றரைத் தாங்கியில் ஊற்றாது, வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்குக. இரண்டு படையாகப் பிரிந்தால் கீழே நிற்பது நீராகும். மேலேயுள்ள தெளிந்த எண்ணெயைத் துணியில் வடித்துக் கருவிகளுக்குத் துருப்பிடியாமற் பூசலாம்.

தாங்கியில் ஊற்றுதல்

1. இயந்திரத்தை நிறுத்தி, அது ஆறும்வரை கால் மணி நேரமேனும் பொறுத்திருக்க.

2. கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி, காற்றோட்டமான வெளியில் நிறுத்துக. கொட்டிலினுள் ஊற்றலாகாது. புகைபிடித்தலும் கைப்பேசியிற் பேசிக்கொண்டு ஊற்றுதலும் விலக்கத்தக்கன. பேச்சிற் கவனம் சென்றால் எண்ணெய் வழியும்.

3. தாங்கியின் வாயைச் சுற்றியுள்ள மண்ணையும் வைக்கோற் தூளையும் துடைத்த பின்னரே மூடியைத் திறக்க.

4. நுண்ணிய கம்பிவலை பொருந்திய அகன்ற புனலைப் பயன்படுத்துக. தாங்கியின் வாயிலுள்ள வலைவடியைக் கழற்றி எறிதல் கூடாது. புனலைப் பயன்படுத்தாத வேளையிற் பையிலிட்டுக் கட்டித் தொங்கவிடுக.

5. 20 லீற்றர் டீசல் ஏறத்தாழ 17 கிலோ நிறையுடையது. இதனை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது கை தளர்ந்து எண்ணெய் சிந்தும்; இடுப்பும் நோகும். இருவர் சேர்ந்து ஊற்றுக. அன்றேல் 5 அல்லது 10 லீற்றர்க் கலனுக்கு மாற்றி ஊற்றுக. கைப்பம்பி ஒன்று வாங்குதல் இன்னும் சிறந்தது; கலன் நிலத்தில் இருக்கவே எண்ணெய் தாங்கிக்கு ஏறும்.

6. தாங்கி நிரம்ப இரண்டு விரலளவு இருக்கும்போது நிறுத்துக. மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, கலனை அப்பால் வைத்த பின்னரே இயந்திரத்தை இயக்குக.

நாள் வேலை முடிந்ததும் மாலையிலேயே தாங்கியை நிரப்பி வைத்தல் நற்பழக்கமாகும். பாதி வெறுமையான தாங்கியினுள் நிற்கும் ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து நீர்த்துளிகளாகி டீசலிற் கலக்கும். நிரம்பிய தாங்கியில் அதற்கு இடமில்லை.

குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் இறக்கும் வழக்கத்தை அறவே கைவிடல் வேண்டும். ஒரு மிடறு எண்ணெய் புரையேறிச் சுவாசப்பைக்குள் இறங்கினாலே கடும் நோய் உண்டாகி உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நீரிறைக்கும் இயந்திரம்

மரக்கறி, வெங்காயம், மிளகாய், புகையிலை செய்வோர் கிணற்றங்கரையில் வைத்து இயக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மேற்கூறியவற்றினும் கூடிய கவனம் வேண்டும். பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடவிடும் இயந்திரங்களில் ஒரே நாளிற் பலமுறை எண்ணெய் ஊற்ற நேரும். ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டியளவு கிணற்றங்கரையிற் சிந்தினாலும் ஒரு போகத்திற் சேரும் அளவு சிறிதன்று. சிறிய இயந்திரமாயின் அதனைக் கிணற்றைவிட்டு அப்பால் தூக்கிச் சென்று நிரப்புக. தூக்க இயலாத இயந்திரத்தின் கீழே விளிம்புள்ள தகரத்தட்டு ஒன்றை எப்போதும் வைத்திருக்க. வழியும் எண்ணெய் அத்தட்டில் நிற்கும்.

கிணறு கெடும் வகை

தீவுகளின் நிலம் சுண்ணாம்புக்கல்லாலானது. அக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்துள்ளன. மாரி மழை அவற்றின் வழியே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. நாம் இறைப்பதும் குடிப்பதும் இப்படையிலுள்ள நீரையே. இங்கே ஆறு இல்லை. வேறிடத்திலிருந்து நிலத்தடியால் வரும் நன்னீரும் இல்லை. மழைநீர் இறங்கும் அதே வெடிப்பின் வழியே எண்ணெயும் இறங்கும். நீரில் எண்ணெய் மிகச் சிறிதளவு கலந்தாலே மணமும் சுவையும் கெட்டுக் குடிக்க உதவாததாகும்.

இது வெறும் அச்சமன்று. இதேவகைச் சுண்ணாம்புக்கல் நிலமாகிய வலிகாமத்திற் சுன்னாகம் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுப்புறக் கிணறுகள் பல மாசடைந்தன. மக்கள் தம் முற்றத்துக் கிணற்றை விட்டுக் கொள்கலனில் வரும் குடிநீரை எதிர்பார்க்க நேர்ந்தது. இவ்வழக்கில் உயர்நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்து, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. அங்கு சிந்திய அளவு பெரிது. நமது வயலிற் சிந்துவது சிறிது. ஆயினும் தீவின் நன்னீர்ப் படையும் சிறிது.

எண்ணெய் சிந்தினால்

நீர் ஊற்றிக் கழுவுதல் கூடாது. கழுவினால் எண்ணெய் மேலும் ஆழத்துக்கு இறங்கும். உடனே உமி, மரத்தூள், உலர்ந்த மணல் ஆகியவற்றுள் ஒன்றைத் தூவி உறிஞ்சச் செய்க. பின் ஈரமான மண்ணுடன் சேர்த்து வெட்டியள்ளிப் பழைய தகரத்திலிட்டு மூடுக. அதனை வயலிலோ குப்பைக் கிடங்கிலோ கொட்டலாகாது. கழற்றிய பழைய எஞ்சின் எண்ணெயையும் இவ்வாறே கலனிற் சேர்த்து வைத்து, யாழ்ப்பாணத்திற் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக.

விபத்து நேரின்

எரியும் எண்ணெயில் நீரை ஊற்றினால் நெருப்பு நீரின்மேல் மிதந்து பரவும். மணலை வீசியோ நனைத்துப் பிழிந்த சாக்கினால் மூடியோ அணைக்க முயல்க. உழவு இயந்திரத்தில் தூள் தீயணைப்பான் ஒன்று வைத்திருத்தல் நன்று. நெருப்புப் பெருகினால் இயந்திரத்தை விட்டு விலகிச் செல்க. உடுப்பிற் பெற்றோல் பட்டால் நெருப்பண்டை போகாது உடனே களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

எண்ணெய் குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது. வாந்தியின்போது எண்ணெய் சுவாசப்பைக்குட் செல்லும். கண்ணிற் பட்டால் 15 நிமிடமேனும் நன்னீரினாற் கழுவுக. இருவகையிலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மேல் வைத்தியத்துக்குக் கடல் கடந்தே செல்ல வேண்டியிருத்தலின், இரவுவரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருத்தல் ஆபத்தாகும்.

காலபோக உழவு தொடங்குமுன் கலன், மூடி, புனல், வலை ஆகியவற்றைச் சோதித்து, வெடித்தவற்றை நீக்குக. இயந்திரத்தின் எண்ணெய் வடிகட்டியையும் அதன் கீழுள்ள நீர்க் கிண்ணத்தையும் திறந்து பார்த்துச் சுத்தஞ் செய்க. உழவு இயந்திரம் வைத்திருப்போர் சிலர் ஒன்றுகூடிக் கைப்பம்பி ஒன்றைப் பொதுவில் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். மேலும் விவரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகிக் கேட்டறியலாம்.