ஒரு பயணச்சீட்டின் பின்னே

நுழையும்முன்

அயல்நாட்டில் பயிலும் மாணவர்க்கு ஊர் காணும் வேட்கை மிகுதி, கைப்பொருளோ குறைவு. எனினும் ஐரோப்பாவில் பயிலும் மாணவர்கள் சிறு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு சென்று வருகின்றனர். அது எவ்வாறு இயல்கிறது? அந்த எளிமைக்குப் பின்னே இருப்பது எவருடைய உழைப்பு? உடன் வரும் நட்புக்கு அத்தகைய பயணம் வைக்கும் சோதனை யாது? மாணவியர் இருவரின் ஐந்து நாள் பயணத்தின் வழியே இவற்றை விளக்குகிறது இக்கட்டுரை.

புறப்படும் முன்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் எல்லைக்கு அருகில் இருப்பது ஃபிரைபர்க் நகரம். அங்கு நான் முதுகலை பயின்றபோது, கொலம்பியா நாட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் வகுப்புத் தோழியானாள். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்களுக்கு ஐந்து நாள் விடுப்புக் கிடைத்தது. ஸ்ட்ராஸ்பூர், பாரிஸ், லக்சம்பர்க் ஆகிய மூன்று நகரங்களையும் கண்டு திரும்புவதெனத் திட்டமிட்டோம்.

முதலில் எழுந்த வினா, வேற்று நாட்டவராகிய நாங்கள் எல்லைகளைக் கடக்கலாமா என்பது. கல்விக்காக ஜெர்மனியில் வதிவிட அனுமதி பெற்றவர், ஷெங்கன் உடன்படிக்கையில் இணைந்த பிற நாடுகளுக்குத் தனி நுழைவிசைவு இன்றியே செல்லலாம். எந்த 180 நாள்களிலும் 90 நாள் வரை அங்குத் தங்கலாம். கடவுச்சீட்டும் வதிவிட அனுமதி அட்டையும் கையில் இருத்தல் வேண்டும். எல்லையில் வழக்கமான சோதனை இல்லையாயினும், சில நாடுகள் அவ்வப்போது தற்காலிகச் சோதனையை மேற்கொள்கின்றன. ஆதலின், பணப்பையை மறந்தாலும் கடவுச்சீட்டை மறத்தல் ஆகாது.

அடுத்த வினா, எதில் செல்வது என்பது. மலிவு விமானங்களின் கட்டணம் கண்ணைக் கவரும். ஆனால், அவற்றுட் பல நகரத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள நிலையங்களில் இறங்குகின்றன. பாரிஸின் பெயரோடு விளம்பரம் செய்யப்படும் போவே விமான நிலையம், பாரிஸிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெட்டிக்குத் தனிக் கட்டணம், நகருக்குச் செல்லும் பேருந்துக்குத் தனிக் கட்டணம் எனக் கூட்டினால் மலிவு மறைந்துவிடும். பயணத்தின் விலை என்பது பயணச்சீட்டில் அச்சிட்ட தொகையன்று. வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை ஆகும் மொத்தச் செலவே ஆகும்.

நெடும்பயணம் செல்வோர்க்கு இன்டர்ரெயில் என்னும் தொடர்வண்டிச் சீட்டு உதவும். பன்னாட்டு இரயில்வே ஒன்றியத்தின் பொன்விழாவையொட்டி 1972ஆம் ஆண்டு, 21 வயது வரை உள்ள இளைஞர்களுக்கென அது தொடங்கப்பட்டது. அந்த ஓராண்டுக்கு மட்டும் என்று எண்ணித் தொடங்கியது, பெற்ற வரவேற்பால் நிலைபெற்றது. இன்று ஐரோப்பாவில் வாழும் எவரும், அயல்நாட்டு மாணவர் உட்பட, அதனைப் பெறலாம். எங்கள் பயணமோ குறுகியது. ஆதலால், ஜெர்மனிக்குள் நகரப் பேருந்து, டிராம், வட்டாரத் தொடர்வண்டி ஆகிய அனைத்திலும் செல்ல உதவும் மாதச்சீட்டே போதும் என முடிவு செய்தோம். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிமுகமான அச்சீட்டின் விலை அப்போது மாதம் 49 யூரோ. விரைவு வண்டிகளில் அது செல்லாது. எனவே, நேரத்தைக் கொடுத்துப் பணத்தைச் சேமித்தோம்.

ஆற்றைக் கடக்கும் டிராம்

வட்டாரத் தொடர்வண்டியில் கெய்ல் என்னும் எல்லை ஊரில் வந்து இறங்கினோம். ரைன் ஆற்றின் இக்கரை ஜெர்மனி; அக்கரை பிரான்சு. நிலையத்தின் முன்னே ஸ்ட்ராஸ்பூர் நகரத்து டிராம் நின்றது. 2017ஆம் ஆண்டில்தான் அதன் தடம் ஆற்றைக் கடந்து கெய்ல் வரை நீட்டிக்கப்பட்டது. நாட்டு எல்லையைக் கடப்பதற்கு நகரப் பயணச்சீட்டே போதுமானதாக இருந்தது. காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி, பள்ளி விட்டு வரும் சிறுவர் சிலர், அவர்களிடையே நாங்கள். பாலத்தின் மேல் வண்டி சென்றபோது எவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த இயல்பு நிலைதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஏனெனில், 1871 முதல் 1944 வரையிலான காலத்தில் ஸ்ட்ராஸ்பூர் நகரம் நான்கு முறை கைமாறியது. ஜெர்மனியிடம் சென்றது, 1918இல் பிரான்சிடம் மீண்டது, 1940இல் மறுபடியும் ஜெர்மனியின் பிடியில் வீழ்ந்தது, 1944இல் மீட்கப்பட்டது. ஒரே வீட்டில் வாழ்ந்த முதியவர், வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருக்கக்கூடும். ஒரு காலத்தில் படைகள் கடந்த ஆற்றை இன்று காய்கறிப் பை கடக்கிறது.

இடியும் மழையும் தந்த விடுதி

பயணச் செலவில் பெரும்பகுதியை விழுங்குவது தங்குமிடம். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பாரிஸுக்கு விரைவுத் தொடர்வண்டி இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடும். நாங்களோ இரவுப் பேருந்தைத் தேர்ந்தோம். அதனால் ஓர் இரவு வாடகை மிஞ்சியது, முதுகு வலித்தது. அடுத்த இரண்டு இரவுகள் பாரிஸில் ஓர் இளைஞர் விடுதியில் தங்கினோம். ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, அனைவரும் சமைத்துக்கொள்ளும் பொதுச் சமையலறை. இவ்வாறு பகிர்ந்துகொள்வதால்தான் கட்டணம் குறைகிறது.

இத்தகைய விடுதியின் தோற்றம் ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறது. ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவர்களை அழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு நடைப்பயணம் செல்வது வழக்கம். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறு சென்றபோது, கடும் இடிமழையில் சிக்கினர். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பி அவ்விரவைக் கழித்தனர். மாணவர்கள் உறங்கினர், ஆசிரியருக்கோ உறக்கம் வரவில்லை. நடந்து செல்லும் தொலைவிற்கு ஒன்றாக, நாடெங்கும் இளைஞர் தங்குமிடங்கள் அமைந்தால் ஏழை மாணவனும் உலகம் காணலாமே என்று எண்ணினார். 1912ஆம் ஆண்டு ஆல்டெனா நகரத்துக் கோட்டையில் நிலையான இளைஞர் விடுதி உருவாயிற்று.

அவருடைய எண்ணம் நாட்டு எல்லையைத் தாண்டியது போர்க்களத்தில்தான். முதல் உலகப்போரின்போது அவர், ஸ்ட்ராஸ்பூருக்கு மேற்கே உள்ள வோஷ் மலைத்தொடரில் படைவீரராகப் பணியாற்றினார். 1915ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில், பகைவர்களாக எதிரெதிரே நின்ற ஜெர்மானிய, பிரெஞ்சு வீரர்கள் தாமாகவே சுடுவதை நிறுத்தினர், உணவுப்பொருள்களைப் பரிமாறிக்கொண்டனர். பல நாட்டு இளைஞரும் சந்தித்து ஒருவரையொருவர் அறிய இடங்கள் இருந்தால் என்ன என்னும் சிந்தனை அப்போது அவருள் எழுந்தது. 1919இல் ஜெர்மனியில் விடுதிச் சங்கமும், 1932இல் பன்னாட்டுக் கூட்டமைப்பும் தோன்றின. இரண்டடுக்குக் கட்டில் வெறும் சிக்கன ஏற்பாடன்று. மேல் கட்டிலில் ஒரு நாட்டவரும் கீழ்க் கட்டிலில் மற்றொரு நாட்டவரும் உறங்க வேண்டும் என்னும் விருப்பத்தின் வடிவம் அது.

> தெரியுமா?
>
> ஐரோப்பிய நாடுகளிடையே மாணவர்கள் மாறிச் சென்று பயில வழிசெய்யும் 'எராஸ்மஸ்' திட்டம் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இப்பெயர், நெதர்லாந்தில் பிறந்த அறிஞர் எராஸ்மஸை நினைவூட்டுகிறது. அவர் பாரிஸில் பயின்றார், இங்கிலாந்தில் கற்பித்தார், 1529 முதல் 1535 வரை ஃபிரைபர்க் நகரில் வாழ்ந்தார், 1536இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மறைந்தார்.

பசியில்லை என்ற சொல்

பாரிஸில் காண்பதற்குப் பணம் வேண்டும் என அஞ்சியிருந்தோம். ஆனால், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழும் 26 வயதுக்கு உட்பட்டோர்க்கு லூவர் அருங்காட்சியகத்தில் கட்டணமில்லை. குடியுரிமை எந்நாடாயினும் வதிவிட அனுமதி அட்டையைக் காட்டினால் போதும். நுழையும் நேரத்தை முன்பதிவு செய்திருந்தோம். காலை முதல் மாலை வரை அங்கேயே இருந்தோம்.

சிக்கல் உணவில் முளைத்தது. இரண்டாம் நாள் மாலை, சிறு உணவகம் ஒன்றில் நுழைவோம் என்றேன். "எனக்குப் பசியில்லை, நீ உண்" என்றாள் தோழி. நான் அதனை அப்படியே நம்பினேன். அவள் எதிரே அமர்ந்து தண்ணீர் அருந்த, நான் வயிறார உண்டேன். நள்ளிரவில் விழித்தபோது அவளுடைய கட்டில் வெறுமையாக இருந்தது. கீழே பொதுச் சமையலறையில், காலையில் மிஞ்சிய காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து உண்டுகொண்டிருந்தாள்.

அவளுக்கு வரவேண்டிய உதவித்தொகை அம்மாதம் வந்து சேரவில்லை. கையிருப்புக் குறைவு என்பதைப் புறப்படும் முன்னரே அறிந்திருந்தாள். "பசியில்லை என்று சொல்ல முடிந்தது, பணமில்லை என்று சொல்ல நா எழவில்லை" என்றாள். நான் வெட்கினேன். பேருந்து நேரத்தையும் விடுதிக் கட்டணத்தையும் பத்து முறை சரிபார்த்த நான், உடன் வருபவளிடம் ஒரு முறையும் "உன்னால் எவ்வளவு இயலும்?" என்று கேட்கவில்லை. குறைந்த செலவு என்னும் சொல்லுக்கு இருவரிடத்தும் ஒரே பொருள் இருக்கும் என எண்ணியது என் பிழை. எனக்குச் சிக்கனமாகத் தோன்றியது அவளுக்குச் சுமையாக இருந்தது.

அன்றிரவு அச்சமையலறை மேசையிலேயே புதிய நடைமுறை ஒன்றை வகுத்தோம். இருவரும் சம அளவு பணத்தைப் பொதுப் பையில் இடுவது. இருவரில் எவர் கையிருப்புக் குறைவோ அவருடைய எல்லையே பொதுப் பையின் எல்லை. எல்லாச் செலவையும் ஒரே ஏட்டில் எழுதுவது. நாளொன்றுக்கு ஆளுக்கு எட்டு யூரோ உணவுக்கென ஒதுக்கினோம். மறுநாள் முதல் அங்காடியில் ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி வாங்கிப் பூங்கா இருக்கையில் அமர்ந்து உண்டோம். தண்ணீருக்குச் செலவில்லை, குழாய் நீரே குடிக்கத்தக்கது. நான் உணவகத்தில் தனியே உண்டதைவிட அவ்வுணவு சுவையாக இருந்தது.

சுழியம் எழுதிய கணக்கு

சனிக்கிழமை பேருந்தில் லக்சம்பர்க் சென்றோம். அச்சிறு நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் பேருந்து, டிராம், தொடர்வண்டியின் இரண்டாம் வகுப்பு ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. குடிமகனாயினும் வழிப்போக்கனாயினும் ஏறி அமரலாம். அதற்கான செலவை மக்களின் வரிப்பணம் ஏற்கிறது. பயணம் தொடங்கியது முதல் பணத்தை எண்ணி எண்ணி ஏறிய தோழி, அன்றுதான் எண்ணாமல் ஏறினாள். கட்டணமில்லாப் பேருந்தில் நிறைந்த பையும் மெலிந்த பையும் ஒன்றே.

ஞாயிறு காலை, ஜெர்மனி, பிரான்சு, லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் கூடும் ஷெங்கன் என்னும் சிற்றூரில் இறங்கினோம். மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில்தான், 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஆற்றில் நின்ற ஒரு கப்பலின் மேல், பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. எங்களை மூன்று நாடுகளில் உலவவிட்ட உடன்படிக்கைக்கு இவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது.

ஷெங்கனிலிருந்து பாலத்தின் வழியே நடந்து ஆற்றைக் கடந்தால் ஜெர்மனியின் பெர்ல் என்னும் ஊர். சில மணித்துளிகளில் அக்கரை சேர்ந்தோம். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் நாளே வாங்கிய ரொட்டி பையில் இருந்தது. எங்கள் மாதச்சீட்டு அங்கிருந்து மீண்டும் செல்லுபடியாயிற்று.

வண்டி மாறி மாறித் திரும்பும் வழியில் தோழி கணக்கேட்டைப் படித்தாள். 'லூவர்: 0', 'லக்சம்பர்க் பேருந்து: 0', 'எல்லை கடத்தல்: 0' என வரிசையாகச் சுழியங்கள் இருந்தன. "நாம் திறமையாகச் சிக்கனம் செய்திருக்கிறோம்" என்று சிரித்தாள். ரொட்டியும் தக்காளியும் எங்கள் சிக்கனந்தான். ஆனால் அந்தச் சுழியங்களை எழுதியவர்கள் நாங்கள் அல்லர். இடிமழை இரவில் உறங்காத ஓர் ஆசிரியரும், கப்பலில் கையெழுத்திட்டவர்களும், எங்களை அறியாமலே வரி செலுத்திய மக்களும் அவற்றை எங்களுக்கு முன்னரே எழுதி வைத்திருந்தனர்.

கற்பவை கற்றபின்…

1. 'பயணத்தின் விலை என்பது பயணச்சீட்டில் அச்சிட்ட தொகையன்று' – இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. இளைஞர் விடுதிகளின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் தொகுத்து எழுதுக.
3. நண்பர்கள் இணைந்து செல்லும் பயணத்தில் செலவைப் பகிர்வதற்குரிய நெறிமுறைகளை வகுப்பில் கலந்துரையாடுக.
4. உங்கள் ஊரில் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும் பொதுச் சேவை ஒன்றைத் தேர்ந்து, அது உருவான வரலாற்றை வினவி அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.