உறுமும் மணிக்கு ஊசியா, அடியா?

குட்டீஸ்... நேற்று வரை வாலை ஆட்டிக்கொண்டு உங்களையே சுற்றிவந்த மணி, இன்று காதைத் தொட்டதும், "உர்ர்ர்...' என்கிறான். "திமிர் ஏறிப்போச்சு, நாலு போட்டாத்தான் அடங்குவான்' என்கிறார் மாமா. "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்' என்கிறார் பாட்டி.

அவசரப்படாதீர்கள்! காதுக்குள் சீழ் பிடித்திருந்தாலும் நாய் இப்படித்தான் உறுமும். "வலிக்குதுப்பா...' என்று சொல்ல அதற்கு வாய் இல்லையே!

குணம் திடீரென்று மாறினால், முதலில் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். பல் வலி, மூட்டு வலி இருந்தால் நல்ல நாயும் கடிக்க வரும். வீட்டுக்குள் சிறுநீர் போகும் நாய்க்கோ, பூனைக்கோ சிறுநீர்ப் பையில் நோய் இருக்கலாம். கிழட்டு நாய் ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி நடந்தால், முதுமை மறதியாக இருக்கலாம். இவற்றை அடித்துத் திருத்த முடியுமா?

உடம்பில் நோய் இல்லையென்றால், பயம் காரணமாக இருக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் பக்கம், தறி ஓடும் வீட்டில் ஒரு குட்டி பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். "தடக்... தடக்...' சத்தத்திலேயே அது சுகமாகத் தூங்கும். பிறந்த 3வது வாரத்திலிருந்து சுமார் 14வது வாரம் வரை பழகியதெல்லாம் நாய்க்குப் பயமில்லாததாகிவிடும். அதே நாய், கேட்டுப் பழகாத தீபாவளி வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் பதுங்கும்.

இதற்கும் வைத்தியம் உண்டு. வெடிச்சத்தத்தை மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே ஒரு பிஸ்கட் தர வேண்டும். நாய் பயப்படாவிட்டால் மட்டும், நாளுக்கு நாள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். "சத்தம் வந்தால் பிஸ்கட் வரும்' என்று நாய் பழகிவிடும். பயம் அதிகமென்றால் டாக்டர் மருந்தும் தருவார். நாமாக மாத்திரை கொடுக்கவே கூடாது. நாம் சாப்பிடும் பாராசிட்டமால், பூனையின் உயிரையே பறித்துவிடும்!

முதலில் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. அமெரிக்காவில், விலங்குகளின் நடத்தைக்கென்றே தனிச் சிறப்பு மருத்துவப் பிரிவு 1993ல் அங்கீகாரம் பெற்றது.

டாக்டரிடம் மணிக்காகப் பேசப்போவது நீங்கள்தான். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்:

* எப்போது, எங்கே, யாரைப் பார்த்து உறுமினான்?

* அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?

* சாப்பாடு, தண்ணீர், தூக்கம் குறைந்ததா, கூடியதா?

* வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தார்களா?

பெரியவர்களை, தள்ளி நின்று செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் முன் மணி சாதுவாக உட்கார்ந்துவிட்டால், அந்தப் படம் உதவும்.

ஒரு எச்சரிக்கை! குணம் மாறிய நாய்க்கு எச்சில் ஒழுகினாலோ, விழுங்க முடியாமல் தவித்தாலோ, குரைப்பு மாறினாலோ கிட்டே போகாதீர்கள், வெறிநோயாக இருக்கலாம். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "திட்டுவாங்க' என்று பயந்து மறைக்கவே கூடாது. மணிக்கும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

என்ன குட்டீஸ்... இனி உங்கள் வீட்டில் யாராவது கம்பை எடுத்தால், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்' என்று சொல்வீர்கள்தானே?