பெரியம்மை போனது, சின்னம்மை ஏன் போகவில்லை?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பெரியம்மையை ஒழித்துவிட்டோம். சின்னம்மை மட்டும் ஏன் இன்னும் வருகிறது?" 'தடுப்பூசி' என்ற ஒற்றைச் சொல் இதற்குப் பதிலாகாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றையும் நாம் அம்மை என்றே அழைத்தாலும், அவற்றின் வைரஸ்கள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பெரியம்மையை உண்டாக்கிய வேரியோலா, பாக்ஸ் வைரஸ் குடும்பம். மாட்டம்மை, குரங்கம்மை வைரஸ்கள் அதற்கு நெருங்கிய உறவு. அதனால்தான் 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்துச் செலுத்திய நீர், பெரியம்மையைத் தடுத்தது. சின்னம்மை வைரஸோ ஹெர்பிஸ் குடும்பம்.

இனி கேள்விக்கு வருவோம். வேரியோலா மனிதரிடம் மட்டுமே வாழ்ந்தது. ஒளிந்துகொள்ள அதற்கு விலங்குகள் இல்லை. பிழைத்தவர் உடலிலும் அது தங்கவில்லை. சின்னம்மை வைரஸ் நரம்பு செல்களில் பல்லாண்டு உறங்கி, முதுமையில் அக்கியாக எழுகிறது. அதிலிருந்து பிறருக்கும் தொற்றும். தட்டம்மை, தடிப்பு தோன்றும் முன்பே பரவத் தொடங்கிவிடும். பெரியம்மை பெரும்பாலும் கொப்புளம் தெரிந்த பிறகே பரவியது. ஆகவே நோயாளியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடிந்தது.

கண்டுபிடிப்பதுதான் வெற்றியின் திறவுகோல். ஊர் முழுவதற்கும் ஊசி போட்டும் நோய் அடங்காத இடங்களில், நோயாளியைத் தேடித் தனிமைப்படுத்தி, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு உடனே தடுப்பூசி போட்டார்கள். தொற்றிய சில நாள்களுக்குள் போட்டாலும் அது காத்தது. தேடியவர்கள் கையில் கொப்புளங்களுடன் இருக்கும் குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை இருந்தது. இந்தோனேசியாவில் பள்ளிகளில் படத்தைக் காட்டிக் கேட்டபோது, அலுவலர்கள் அறியாத நோயாளிகளைப் பற்றி மாணவர்களே தகவல் தந்தார்கள்.

இந்தியாவில் 1974இல் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரியம்மையால் இறந்தார்கள். வீடுவீடாகத் தேடும் பணி தீவிரமானது. 1975 மே மாதத்தோடு நோய் நின்றது. 1977இல் சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையலரே இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி. 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை ஒழிப்பை அறிவித்தது.

இப்பாடத்துக்கு நான் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைகிறேன். மேலே பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, போலியோ, ரேபிஸ். பக்கவாட்டில் நான்கு கேள்விகள்: விலங்குகளில் வாழுமா? உடலில் தங்குமா? அறிகுறி தெரியும் முன்பே பரவுமா? தடுப்பூசி உண்டா? குழுவாகப் பேசி நிரப்புகையில், எதை ஒழிப்பது எளிது, எது கடினம் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

முடிவில் ஒன்றை வலியுறுத்துவேன். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வெட்கப்படவோ மறைக்கவோ வேண்டாம். ஆசிரியரிடமோ சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லுங்கள். பெரியம்மையை விரட்டியதில் ஊசிக்கு எவ்வளவு பங்கோ, அப்படி வந்து சொன்னவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.