மூடிய பெட்டிக்குள் உடைந்த பம்ப்: நஷ்டம் யாருக்குரியது?

சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் ஒரு வாகனப் பட்டறையில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், என் கையால் உடைந்த பொருளுக்கு வண்டிக்காரரிடம் காசு வாங்கிவிட்டோம். இந்த மாதச் சம்பளம் எனக்கு ஹலாலா?" என்று கேட்டார்.

ஒரு அமெரிக்க பிக்கப் டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை இறக்கிப் பழுது பார்த்து, மீண்டும் மாட்டியிருக்கிறார். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் உள்ளே அரைக்கும் சத்தம். கியர் போட்டால் வண்டி நகரவில்லை. மறுபடி இறக்கிப் பார்த்தபோது கியர் பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்திருந்தது. "பம்ப் ஏற்கெனவே பழுதாக இருந்தது" என்று உரிமையாளரிடம் சொல்லி, பட்டறை முதலாளி அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டார்.

ஒரு விஷயம் என்னவென்று விளங்காமல் அதன் சட்டத்தைச் சொல்லக்கூடாது என்பது மதரஸாவில் நமக்குக் கற்றுத் தரப்பட்ட பாடம். எனவே இந்த வேலையில் பல வருட அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் உட்கார்ந்து விவரம் கேட்டோம். அதை முதலில் பார்ப்போம்.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் என்ன?

கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பல்களை மனதில் வைத்து உருவாக்கி, 1905-ல் காப்புரிமை பெற்ற கருவி இது.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். கன்வெர்ட்டருக்குள் காற்றுக்குப் பதிலாக ஆயில். எஞ்சின் ஒரு பக்கத்து இறக்கைகளைச் சுற்றுகிறது. அந்த ஆயில் வேகம் மறுபக்கத்தைச் சுற்றி கியர் பாக்ஸுக்குச் சக்தி கொடுக்கிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர் என்ற மூன்றாவது பாகம் திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி, வண்டி கிளம்பும்போது தேவையான கூடுதல் இழுவையைத் தருகிறது.

கன்வெர்ட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் பின்பக்கக் குழாய் போன்ற கழுத்துதான் இப்படிப்பட்ட டிரக்குகளில் கியர் பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் சுற்றாவிட்டால் ஆயில் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் எந்த கியரும் பிடிக்காது.

தவறு நடக்கும் இடம்

கியர் பாக்ஸை மாட்டுவதற்கு முன், கன்வெர்ட்டருக்குள் சிறிது ஆயில் ஊற்றி, அதை கியர் பாக்ஸின் முன்பக்கத்தில் பொருத்த வேண்டும். அது மூன்று இடங்களில் பிடிக்க வேண்டும்: உள்ளே செல்லும் ஷாஃப்டின் பற்கள், ஸ்டேட்டரைத் தாங்கும் ஷாஃப்டின் பற்கள், கடைசியாக பம்பின் கியர். மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் 'டக்' 'டக்' என்று படிப்படியாக உள்ளே இறங்கும். இரண்டு இடத்தில் பிடித்ததுமே, முழுவதும் இறங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் பம்பில் இன்னும் பிடித்திருக்காது. அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள கியர் பாக்ஸை ஜாக்கியில் தூக்கும்போது முன்பக்கம் சரிந்தாலும், சரியாக இறங்கிய கன்வெர்ட்டர் மீண்டும் வெளியே நழுவிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கியர் பாக்ஸின் முன்முகம் எஞ்சினோடு கைத்தள்ளலிலேயே இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். அதற்கும் எஞ்சின் பக்கத்து ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். பல அமெரிக்க டிரக்குகளில் இது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர். கன்வெர்ட்டரை முன்னால் இழுத்து, ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு போல்ட் போடுவது இதற்குப் பிறகுதான்.

முகம் சேராதபோது போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால், கன்வெர்ட்டரின் கழுத்து பம்ப் கியரை நேராக நசுக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும் முன்பே பம்ப் உடைந்துவிடும். நம் சகோதரர் செய்தது இதைத்தான். "போல்ட் கனமாக இருந்தது ஹஜ்ரத். அன்று இரண்டு வண்டி கொடுக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார், முறுக்கிவிட்டேன்" என்றார்.

மார்க்கச் சட்டம் என்ன?

கூலி வேலை செய்வோரை ஃபிக்ஹு நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. தையல்காரர் போலப் பலரிடமும் வேலை ஏற்பவர் 'அஜீர் முஷ்தரக்'. ஒருவரிடம் மட்டும் சம்பளத்துக்கு இருப்பவர் 'அஜீர் காஸ்'. இங்கே வண்டிக்காரருக்குப் பட்டறை முதல் வகை; முதலாளிக்கு நம் சகோதரர் இரண்டாவது வகை.

வேலைக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள் கெட்டுப்போனால் ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழிலாளியின் வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாவிட்டால் ஈடு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அவரது வேலையாலேயே பொருள் கெட்டால் ஈடு உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். மாலிகி மத்ஹபில் கைவினைஞர்களின் பொறுப்பு இன்னும் கடுமையானது. ஆனால் தொழிலில் எல்லோரும் அறிந்த விதியை மீறியதால் நஷ்டம் ஏற்பட்டால், அது வண்டிக்காரரின் தலையில் விழாது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இங்கே நடந்தது அதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், சொல்லப்பட்ட பொய். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், அதை மறைத்து விற்பதை அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும் நாம் அறிந்த ஹதீஸ். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். கியர் பாக்ஸும் மூடிய பெட்டிதான். உள்ளே எது எப்படி உடைந்தது என்று வண்டிக்காரர் பார்க்க முடியாது. மெக்கானிக்கின் வாய்ச்சொல்லைத்தான் நம்புகிறார்.

நாம் சொன்ன பதில்

அவருடைய மாதச் சம்பளம் ஹராமாகிவிடவில்லை. அது அவர் உழைப்புக்கான கூலி. ஆனால் பம்புக்கும் இரண்டாவது முறை மாட்டியதற்கும் வாங்கிய பணம் வண்டிக்காரருடையது. அது அவருக்குத் திரும்பிச் சேர வேண்டும், உண்மையும் சொல்லப்பட வேண்டும். முதலில் முதலாளியிடம் பேசுங்கள் என்றோம்.

முதலாளி முதலில் கோபப்பட்டார். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுத் தொகையையும் இவருடைய சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார். அதுவும் நியாயமல்ல. போல்ட் கனமானபோது நிறுத்தாதது இவர் குறை. நிறுத்திப் பார்க்க நேரம் கொடுக்காதது முதலாளியின் குறை. நம்மிடம் பேசிய பின் பாதியை முதலாளி ஏற்றுக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பட்டறை வேலைக்கு வளைகுடா செல்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது: கையால் சேராததை போல்ட்டால் சேர்க்காதீர்கள். கழற்றி, மீண்டும் பொருத்திப் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் போகலாம். தவறு நடந்துவிட்டால், மூடிய பெட்டியைக் காரணமாக்கிப் பொய் சொல்லாதீர்கள். பிள்ளை அனுப்பும் பணத்தை வாங்கும் பெற்றோரும், எவ்வளவு என்று கேட்பதோடு எப்படி வந்தது என்றும் அன்போடு விசாரியுங்கள்.

நம் அனைவரின் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.