கல்லில் இருப்பவர் பாட்டனா, பேரனா?

மாணவர்களே! உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தாவின் பெயர்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பெயர் கிடைக்கலாம். காலம் கிடைப்பது அரிது. ஊர்க்கோடியில் நிற்கும் சமாதிக் கல்லும், பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் உயிலும் அதைச் சொல்லக்கூடும்.

ஆனால் ஒரு சிக்கல். விருதுநகர்ப் பக்கத்துச் சமாதி ஒன்றில், 'பிரபவ வருஷம் தை மாதம், சுப்பையா' என்று மட்டும் வெட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து வரும். 1867, 1927, 1987 ஆகிய மூன்றிலும் சித்திரையில் பிறந்தது பிரபவ ஆண்டே. ஒரு தலைமுறை ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள். அப்படியானால் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே 50, 60 ஆண்டுகள்! பாட்டன் பெயரையே பேரனுக்கு இடுவதும் நம் வழக்கம். ('பெயரன்' என்பதுதானே பேரன் ஆயிற்று?) பெயரும் ஒன்று, ஆண்டும் ஒன்று. கல்லுக்குரியவர் யார்?

இனி உயிலைப் பிரியுங்கள். தேதியுள்ள மூலையைச் செல் அரித்திருந்தாலும் கவலை வேண்டாம். ஊர் விலாசத்தைப் பாருங்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி எல்லாம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. பிறகு இராமநாதபுரம் ஜில்லா. 1985இல் காமராசர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர் மாவட்டம். விருதுநகரே 1923 வரை விருதுபட்டிதான். மூன்று பிரபவ ஆண்டுகளுக்கும் மூன்று மாவட்டப் பெயர்கள்!

சுப்பையாவின் உயிலில் 'இராமநாதபுரம் ஜில்லா, விருதுபட்டி' என்றிருந்தால், அது 1910க்கும் 1923க்கும் இடையில் எழுதியது. அவர் அப்போது உயிரோடிருந்தார். ஆகவே 1867ஆம் ஆண்டுக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அதே உயிலில் 'மைனர் பேரன் சுப்பையா' என்றும் கண்டால், பாட்டன், பேரன் இருவரும் அகப்பட்டுவிட்டார்கள். கல் 1928 தையைக் குறித்தால் அது பாட்டனுடையது. 1988 தை என்றால் பேரனுடையது. 1988இல் நடந்த சாவை வீட்டில் யாராவது மறந்திருப்பார்களா? கேட்டுப் பாருங்கள்.

எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் கல் இராது. அங்கே உயிலுக்கு மதிப்பு இன்னும் அதிகம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. பதிந்திருந்தால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் அது இருக்கும். எழுதியவர் காலமான பின்னரே பிறர் நகல் கேட்கலாம்.

கல்லில் எழுத்து மங்கியிருக்கிறதா? சுண்ணாம்பு பூசாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். கல்தான் பொரிந்து உதிரும். அதிகாலையிலோ மாலையிலோ, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். உச்சிவெயிலில் தெரியாத பள்ளங்களில் அப்போது நிழல் விழும். எழுத்துகள் தாமே எழுந்து நிற்கும்.