‘மோர் ஃபாஸ்டர்’ யார் செய்த பிழை?

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் ‘மோர் ஃபாஸ்டர்’ என்று எழுதினாளாம். சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்ததே தவிர, ஏன் பிழை என்று யாரும் சொல்லவில்லையாம்.

வினையடை என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒப்பிடும்போதுதான் சிக்கல். நமக்கு ‘விட’ ஒன்றே போதும். ‘தங்கச்சி அக்காவைவிட வேகமாகக் கொழுந்தெடுக்கிறாள்’ என்றால் ‘வேகமாக’ அப்படியே இருக்கிறது. பழந்தமிழில் ஐந்தாம் வேற்றுமை இந்த வேலையைச் செய்தது. அப்போதும் அடைச்சொல் மாறவில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் இதைக் கவனித்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் அடைச்சொல்லும் மாறியாக வேண்டும். ஃபாஸ்ட், ஹார்ட் போன்ற குட்டைச் சொற்கள் ‘அர்’ சேர்த்துக்கொள்ளும். ‘லி’யில் முடிபவற்றுக்குப் பெரும்பாலும் முன்னால் ‘மோர்’: மோர் ஸ்லோலி, மோர் கெயார்ஃபுலி. ‘ஏர்லி’ மட்டும் கட்சி மாறி ‘ஏர்லியர்’ ஆகிவிடும். வெல் ‘பெட்டர்’ ஆவதெல்லாம் மனப்பாடம்தான்.

எனக்குப் பிடித்தது அந்த ‘மோர் ஃபாஸ்டர்’தான். ‘அர்’ பழைய வழி, ‘மோர்’ பின்னால் பரவிய வழி. ஒரு கூடைக்கு இரண்டு கயிறு கட்டுவதுபோல இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயர் நெடுங்காலம் பேசினார்கள். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் இரட்டை ஒப்பீடு இருக்கிறது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், அதைத் தவறென்றார். அப்படிச் சொன்னவர்களின் பேச்சே நிலைத்தது. பசறைப் பிள்ளைக்கு மார்க் குறைந்தது அதனால்தான்.

துரைமார் நூறு வருடத்துக்கு மேல் ஆங்கிலம் பேசிய தோட்டங்கள் இவை. அந்த மொழி பங்களாவையும் ஆபீஸையும் தாண்டி லயத்துக்கு வரவே இல்லை. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளை ஏற்ற பிறகும் மெதுவாகத்தான் வருகிறது. வந்தாலும் உதாரணத்துக்கு முயலும் ஆமையும்தான்! கொழுந்து நிறுக்கும் இடத்தில் முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா என்பதே யார் கை வேகமாக ஓடியது என்பதில் இருக்கிறது. அதைவிடவா ஒரு உதாரணம் வேண்டும்?

மகளிடம் இப்படி எழுதச் சொல்லுங்கள்: அம்மா பெரியம்மாவைவிட ‘ஃபாஸ்டர்’ கொழுந்தெடுக்கிறார், பெரியம்மா ‘மோர் கெயார்ஃபுலி’ எடுக்கிறார். தெமோதரையில் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுற்றிப் போகும் பதுளை ரயில் பஸ்ஸைவிட ‘மோர் ஸ்லோலி’ போகிறது. பேச்சில் யாராவது ‘ஸ்லோவர்’ என்றால் திகைக்க வேண்டாம், அதுவும் வழக்குதான். பரீட்சைத் தாளில் ‘மோர் ஸ்லோலி’யே இருக்கட்டும்.