கினிபிக்கும் நம்மைப் போலத்தான்!

யாரோ வளர்த்து, கைவிட்டு, மீட்கப்பட்ட கினிபிக். "நாமளே வளர்க்கலாம்ப்பா" என்று வாண்டுகள் கெஞ்சுகிறார்களா? தாராளமாக வளர்க்கலாம். ஆனால், ஒரு விஷயம்!

நாய், பூனைக்கெல்லாம் வைட்டமின் சி உடம்பிலேயே தயாராகிவிடும். நம்மைப் போலவே கினிபிக்குக்கு அந்த வசதி இல்லை. சாப்பாட்டில் கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும். மூட்டு வீங்கி, நடக்கவே சிரமப்படும். அரைகுறைத் தீனியில் வளர்ந்ததற்கு இந்த ஆபத்து அதிகம்.

அதனால் தினமும் ஒரு துண்டு குடமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை கொடுங்க. முக்கிய உணவு காய்ந்த புல்தான். அது கூண்டில் எப்போதும் இருக்கணும்.

புது இடம் என்பதால் முதலில் மூலையில் பதுங்கும். தூக்கிக் கொஞ்சாதீங்க, தானே பழகட்டும். ஆனால், அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் "பயந்திருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்க. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை மட்டும் கொடுத்துடாதீங்க! பென்சிலின் வகை மருந்து அதன் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து, உயிரையே பறித்துவிடலாம்.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ குழந்தைகளைப் பழக்குங்க. ரோமம் வட்டமாக உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது நமக்கும் தொற்றும். டாக்டர் பார்க்கும்வரை வாண்டுகள் தொட வேண்டாம்.